ராக் ஸ்டார் காதல் தொடர்: இரண்டாம் பாகம் ஏன் ஏமாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து வாசகர் வட்டங்களில் ஆங்கில ராக் ஸ்டார் ரொமான்ஸ் தொடர்களை விரும்பி வாசிப்பவர்கள் நிறையப் பேர். அதே வகையில் தமிழில் தொடர்கதை எழுதுகிறவர்களும் கூடிவருகிறார்கள். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

எந்த நூலின் பெயரையும் சொல்லாமல், விளக்கத்துக்காக ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். முதல் பாகத்தில், குடியில் மூழ்கிய பாடகன் ஒருவன் தன் குழுவின் சுற்றுப்பயணத்தில் ஒலி மிக்ஸிங் பார்க்கும் பெண்ணைக் காதலிக்கிறான். குடியை விடுகிறான். இனி அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று குழுவின் முன்னால் சொல்கிறான். இரண்டாம் பாகத்தில், பழைய காதலியிடமிருந்து வந்த போனை மறைக்கிறான். இவள் ஒன்றும் கேட்காமல் கிளம்பிப் போகிறாள். அவன் மறுபடி குடிக்கிறான். கடைசியில் மேடையில் ஒரு பாட்டுப் பாடுகிறான், அவள் மன்னித்துவிடுகிறாள்.

ராக் ஸ்டார் ரொமான்ஸ்னா என்னவாக்கும்? சினிமாப் பாட்டுக்காரன லவ் பண்ணுற கதையா?

சினிமாப் பின்னணிப் பாடகரின் வாழ்க்கை வேறு. இசையமைப்பாளர் போட்ட மெட்டை ஸ்டூடியோவில் பாடிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். ராக் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து பாட்டு உண்டாக்கி, ஒரே பஸ்ஸில் வாரக்கணக்காகச் சுற்றி, வந்த பணத்தைப் பங்கு போடுகிறார்கள். அந்த நாலைந்து பேருக்குள் இருக்கும் நட்பும் பொறாமையும் காதலுக்குச் சமமாகக் கதையில் நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாயகன் கிடாரைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பணக்காரப் பையன், அவ்வளவுதான்.

ரொமான்ஸ் என்று பெயர் போட்டால் இரண்டு விஷயம் கட்டாயம். காதல்தான் கதையின் நடுப்புள்ளியாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் வரையறையும் இதுதான். இரண்டாம் பாகத்தின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் தொடங்குகிறது.

எக்கா, முதல் பாகம் வாசிக்காம ரெண்டாவது வாசிச்சா புரியுமா?

எந்த வகைத் தொடர் என்பதைப் பொறுத்தது. ஒரு வகையில் ஒவ்வொரு பாகமும் குழுவில் ஒவ்வொருவரின் கதை: முதலாவது பாடகன், இரண்டாவது டிரம்மர், மூன்றாவது பேஸ் கிடார் வாசிப்பவன். இவற்றைத் தனித்தனியாக வாசிக்கலாம். ஆனாலும் முதல் ஜோடி சேர்ந்துவிட்டது என்ற செய்தி இரண்டாவதில் தெரிந்துவிடும். இன்னொரு வகையில் ஒரே ஜோடியின் கதை இரண்டு மூன்று பாகமாக ஓடும். அதை வரிசை மாற்றி வாசிப்பதில் பலனே இல்லை.

வாங்கும் முன் பின்னட்டைக் குறிப்பைப் பாருங்கள். நாயகன் நாயகி பெயர் முதல் பாகத்தில் உள்ளவையே என்றால் ஒரே ஜோடித் தொடர். ‘கிளிஃப்ஹேங்கர்’ என்று எச்சரிக்கை போட்டிருந்தால் கதை அந்தப் பாகத்தில் முடியாது. அதிகம் ஏமாற்றுவது ஒரே ஜோடித் தொடரின் இரண்டாம் பாகம்தான்.

முதல் பாகத்த ஒரே ராத்திரில வாசிச்சேன். ரெண்டாவது ஏன் இப்படி சப்புன்னு போவுது?

முதல் பாகம் முடியும்போது நாயகன் ஒரு மாற்றத்தைச் சம்பாதித்திருக்கிறான். நம் மாதிரிக் கதையில் அது ‘மறைக்க மாட்டேன்’ என்ற சொல். முந்நூறு பக்கம் கஷ்டப்பட்டு அவன் அங்கே வந்து சேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டாம் பாகத்தில் ஒரு போன் வந்ததும் மறைக்கிறான் என்றால், எழுத்தாளர் அந்த முந்நூறு பக்கத்தையும் நம்மிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஜோடி பிரிந்ததால் நமக்குக் கோபம் வரவில்லை. ஏற்கெனவே தீர்ந்த பிரச்சினையை மறுபடி பிரச்சினையாக்கியதால் வருகிறது.

எழுத்தாளர் ஏன் அப்படிச் செய்கிறார்? காதல் கதை சூடாக ஓடுவது சேர்வதற்கு முன்புதான் என்பது பழகிய நம்பிக்கை. சேர்ந்த ஜோடியை வைத்து எழுதத் தெரியாதபோது, அவர்களைப் பிரித்துவிட்டுப் பழைய பாதையிலேயே மறுபடி நடத்துவது சுலபம். ஏமாற்றும் இரண்டாம் பாகங்களில் பெரும்பாலானவை முதல் பாகத்தையே மறுபடி சொல்கின்றன.

சேச்சி, சண்டையே வேண்டாம்னா கதை எப்படி நகரும்? ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கணுமா?

சண்டை வேண்டும், நிறையவே வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அவர்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கையிலிருந்து வந்தால் கதை முன்னால் போகும். பழைய காதலி, ரகசியக் குழந்தை, விபத்து, மறதி என்று வெளியிலிருந்து வந்து விழுந்தால் கதை நின்ற இடத்திலேயே சுற்றும்.

ராக் குழுவின் வாழ்க்கையில் உரசலுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டின் வரியும் மெட்டும் யார் பெயரில் பதிவாகிறதோ அவருக்குத் தனி உரிமைத்தொகை வரும். ஒலிப்பதிவில் வாசித்ததற்கான பங்கு வேறு. பாடகன் பெயரில் மட்டும் எல்லாப் பாட்டும் பதிவாகியிருந்தால், ஒரே மேடையில் நிற்கும் டிரம்மர் வாடகை வீட்டில் இருக்க, பாடகன் பங்களா வாங்குவான். அந்தப் பாட்டுகளில் பாதி நம் நாயகியைப் பற்றியது என்றால் மற்ற மூன்று பேரும் இவளை எப்படிப் பார்ப்பார்கள்?

இன்னொன்று முன்பணம். இசை நிறுவனம் தரும் முன்பணத்தைக் குழுவுக்கு வரவேண்டிய பங்கிலிருந்துதான் கழித்துக்கொள்ளும். ஒலிப்பதிவுச் செலவும் பல ஒப்பந்தங்களில் அதே கணக்கில் சேரும். அது கழியும்வரை, ஆல்பம் ஓடினாலும் கையில் காசு வராது. ஊரெல்லாம் புகழ், வீட்டில் கடன். இவள் தன் வேலையை விட்டுவிட்டு அவன் பின்னால் போவதா, வேறு குழுவுக்கு ஒலி பார்க்கப் போவதா? இதில் யாரும் கெட்டவர் இல்லை, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் பாகத்துக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

ஒரு போன் போட்டாத் தீருற விஷயத்துக்கு இருநூறு பக்கம் அழுகா. எழுத்தாளருக்கே தெரியாதா?

தெரியும். தவறான புரிதலை வைத்துப் பிரிப்பதற்கு இருவர் குணத்தையும் மாற்ற வேண்டாம், அதனால் கை அதற்குத்தான் போகிறது. ஆனால் அது ஐந்து பக்கம்தான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கேட்காமல் இருப்பதற்கு அவளுக்குள் ஒரு காரணம் வேண்டும். கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதைக் காதால் கேட்க விரும்பவில்லை என்றால் அது காரணம். பேட்டரி தீர்ந்துபோனது காரணமாகாது.

இரட்டைப் பார்வையில், அதாவது ஒரு அத்தியாயம் அவன், ஒரு அத்தியாயம் அவள் என்று எழுதப்பட்ட தொடரில் இது இன்னும் மோசமாக வெளியே தெரியும். அவன் ஏன் மறைத்தான் என்று நாம் முன் அத்தியாயத்திலேயே வாசித்துவிட்டோம். இவள் அழுவதைப் பார்க்கும்போது இரக்கம் வருவதற்குப் பதில் பொறுமைதான் போகிறது.

ஹீரோ குடிய ஒரே அத்தியாயத்துல விட்டுட்டான், அவ கையப் புடிச்சுக்கிட்டு. நடக்குத காரியமா?

நடக்காது, ஆபத்தும்கூட. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்துவதுதான் முறை. ஹோட்டல் அறையைப் பூட்டிக்கொண்டு காதலி மடியில் படுத்துத் தீர்ப்பதாக எழுதுவது, வாசிப்பவர் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தவறான வழியைக் காட்டிவிடும்.

மறுபடி குடிப்பதும் நிஜத்தில் நடப்பதுதான், அதை எழுதலாம். அப்படியானால் அது நம் மூன்றாம் கேள்வியில் சொன்ன ‘திரும்ப வாங்கிக்கொள்வது’ ஆகாதா என்று கேட்கலாம். அவன் குடித்ததும் முதல் பாகத்தில் கற்றதைப் பயன்படுத்தினால் ஆகாது: அன்றைக்கே அவளிடமோ தன் ஆலோசகரிடமோ சொல்வான். முன்பு மறைத்தவன் இப்போது சொல்கிறான் என்பதே கதை முன்னேறியதற்கு அடையாளம். குடியிலிருந்து மீள்பவர்களிடம் முதல் ஓராண்டு புதுக் காதல் உறவு வேண்டாம் என்று சொல்வது வழக்கம். இந்தத் தொடர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொண்டால் அதிலேயே ஒரு நல்ல தடை கிடைக்கும்.

தொண்டை போயிடுச்சு, ஆப்பரேஷன், அடுத்த வாரம் ஸ்டேடியத்துல பாடுறான். செரியா?

சரியில்லை. குரல்நாணில் முடிச்சு விழுந்தால் முதலில் செய்வது குரல் பயிற்சிச் சிகிச்சை. அதற்கே வாரங்கள், மாதங்கள் ஆகும். அறுவை சிகிச்சை என்றால் சில நாள் முதல் ஒரு வாரம்வரை வாயே திறக்காமல் இருக்கச் சொல்வார்கள். பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக, அதற்கும் பிறகுதான் பாட்டு. கிசுகிசுத்துப் பேசுவதும் கூடாது. நாவலில் எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள்!

முதல் பாகத்துல கச்சேரி அவ்வளவு நல்லா இருந்துச்சு. ரெண்டாவதுல மியூசிக்கே காணோம். அது எங்க போச்சு?

முதல் பாகத்துக்கு எழுத்தாளர் தேடிப் பிடித்த விவரமெல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது. இரண்டாவதில் ‘அவன் மேடையேறினான், கூட்டம் அலறியது’ என்ற ஒரு வரியோடு சரி. இவ்வகை நாவலுக்கு உள்ள ஒரே தனிச்சொத்து மேடைதான். அதை விட்டால் மிச்சம் இருப்பது எந்தக் காதல் கதையிலும் கிடைக்கும்.

மேடைக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கச்சேரிக்கு முன் சவுண்ட் செக், அதாவது ஒலியைச் சரிபார்ப்பது, வழக்கமாக டிரம்மில் தொடங்கும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் மட்டும் ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், பிறகு ஸ்னேர், டாம் என்ற மற்ற டிரம்கள், அப்புறம் பேஸ், கிடார், கடைசியில்தான் பாடுகிறவர் மைக். பாடகன் அதுவரை காத்திருக்க வேண்டும். மேடையில் நிற்பவருக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்பது காலடியில் இருக்கும் மானிட்டர் பெட்டியிலிருந்தோ காதுக்குள் மாட்டும் இயர்போனிலிருந்தோதான். மைக்கை அந்தப் பெட்டிப் பக்கம் திருப்பினால் கீச்சென்று கத்தும். நம் கதையின் நாயகி இந்த ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவள். அவளுக்குக் கோபம் இருக்கும் இரவில் அவன் குரலை அவன் காதுக்கே ஒரு படி குறைத்துவிட்டால், அவன் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வான். அவள் அதைச் செய்வாளா? தொழில் தெரிந்த ஒருத்தியின் காதலையும் நேர்மையையும் இதைவிட நன்றாகக் காட்டும் காட்சி கிடைக்காது.

தவறுகளும் கண்ணை உறுத்தும். பேஸ் கிடாருக்கு வழக்கமாக நான்கு கம்பி. சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதில் ‘உச்சத்தில் வீறிடும் சோலோ’ வாசிக்க வைக்கிறார்கள். முதல் பாகத்தில் டிரம்மராக இருந்தவர் இரண்டாவதில் கீபோர்டு வாசிப்பதும் நடக்கிறது.

தேவையில்லாம இழுக்காங்க. எதுக்கு இத்தன பக்கம்?

அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் என்ற மாதச் சந்தாவில் 2015 ஜூலை முதல் எழுத்தாளருக்கு வாசிக்கப்பட்ட பக்கத்தின் கணக்கில் பணம். வாசகர் எவ்வளவு பக்கம் புரட்டுகிறாரோ அவ்வளவு. ஒரே நாவலாக முடிந்திருக்க வேண்டிய கதை இரண்டாகப் பிரிவதற்கும், ஒவ்வொன்றும் நீள்வதற்கும் இது ஒரு காரணம். எல்லாரும் அதற்காகத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் இழுவை எங்கே தொடங்குகிறது என்று தேட இது உதவும்.

அவசரம் இன்னொரு காரணம். முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இரண்டாவதின் முன்பதிவுச் சுட்டி இருக்கும், தேதியும் குறித்தாகிவிடும். முதல் நாவலை மூன்று நாலு வருடம் செதுக்கியவர் அடுத்ததைச் சில மாதத்தில் தர வேண்டியதாகிறது. நீளமாக இருப்பது பல நேரம் வெட்டித் திருத்த நேரம் இல்லாததால்தான்.

அவ போன வாங்கிப் பாக்கான், போற எடத்துக்கெல்லாம் ஆள் அனுப்புதான். இதெல்லாம் காதல்னு சொல்லுதாங்களே?

முதல் பாகத்தில் முரட்டுத்தனமாக இருந்தவனை இரண்டாவதில் இன்னும் ‘சூடாக’ காட்ட வேண்டும் என்று நினைத்து எழுத்தாளர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். ஒரு பெண்ணின் போனை அவள் சம்மதமில்லாமல் பார்ப்பதும், பின்தொடர்வதும் கட்டுப்படுத்துதல்தான். கதையில் அது வரலாம். யாராவது ஒருவர் அதைத் தவறு என்று சொல்லியாக வேண்டும், அவனும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். மேடைப் பாட்டு ஒன்றில் அது மன்னிக்கப்பட்டால், புத்தகத்தை மூடிவைக்க அந்த ஒரு காரணமே போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சின்னப் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள்.

டிரம்மர் கதைல பழைய ஜோடி எதுக்கு இத்தன தடவ வாறாங்க?

பழைய வாசகரைப் பிடித்துவைக்க. இரண்டு மூன்று காட்சி வந்தால் இனிமை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கர்ப்பிணி நாயகியும் உருகும் பாடகனும் வந்து புத்திசொன்னால் புது ஜோடிக்கு இடம் போகிறது. வருகிறவர்களுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதில நிறுத்தலாமா? மூணாவத வாங்கணுமா?

தாராளமாக நிறுத்தலாம். வாங்குவதற்கு முன்பே கிண்டிலில் இலவச மாதிரியை இறக்கி வாசியுங்கள். அதற்குள் முதல் பாகத்தின் முடிவு செல்லாக்காசாகிவிட்டது என்றால் மீதியை எதிர்பார்ப்பதில் பயனில்லை. வாங்கியபின் என்றால், பாதிவரை போய் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜோடிக்கு இப்போது இருக்கும் பிரச்சினை முதல் பாகத்தில் இல்லாத புதியதா? ‘ஆம்’ என்றால், நடை மந்தமாக இருந்தாலும் தொடரலாம்.

மூன்றாவது வேறு ஒருவர் கதை என்றால் பயப்படாமல் எடுங்கள். ஒரே ஜோடித் தொடரில் தளர்ந்த எழுத்தாளர், புது ஜோடி கிடைத்ததும் பழைய உற்சாகத்துக்கு வருவதுண்டு.

நான் தமிழ்ல எழுதுறேன். ராக் பேண்டு நம்ம ஊர்ல வச்சா நம்புவாங்களா?

நம்புவார்கள், எல்லை மாவட்டம் அதற்குப் பொருத்தமான இடம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சர்ச்சுகளில் கிடார், கீபோர்டு, டிரம்ஸ் பழகி வளரும் பிள்ளைகள் ஏராளம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மலையாள ராக் நன்றாக வேரூன்றியிருக்கிறது. ‘அவியல்’ குழுவின் ஆல்பம் 2008-இல் வந்தது. கப்பா டிவி என்ற மலையாளச் சேனலின் இசை நிகழ்ச்சி வழியாகத் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழு புகழ்பெற்றது. அதன் கோவிந்த் வசந்தா பிறகு தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தார். குழித்துறைப் பையன் திருவனந்தபுரம் குழுவில் சேர்ந்தான் என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். வீட்டில் தமிழ், குழுவில் மலையாளம், மேடையில் ஆங்கிலம் என்று அவன் எந்த மொழியில் பாட்டு எழுதுவான் என்பதே நல்ல கதைப்பொருள்.

விவரத்தில் கவனம் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர்தான். குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ரயில் போகும். இரவெல்லாம் ரயிலில் அழுதுகொண்டே போனாள் என்று எழுத முடியாது. திறந்தவெளிக் கச்சேரியை நள்ளிரவில் வைக்காதீர்கள்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்தலாம். பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னும் இரண்டு பாட்டு மிச்சம், போலீஸ்காரர் மேடையோரம் வந்து நிற்கிறார் என்றால் உங்களுக்குக் காசில்லாமல் ஒரு பரபரப்பு கிடைக்கிறது.

நாவலுக்குள்ள பிரபலமான பாட்டு வரி போடலாமா?

அனுமதி வாங்காமல் போட வேண்டாம். இந்தியாவில் பாடலாசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை அவர் வரிக்குக் காப்புரிமை உண்டு. பாட்டின் தலைப்பைக் குறிப்பிடுவது வேறு, வரியை எடுத்துப்போடுவது வேறு. பாரதியார் 1921-இல் மறைந்தவர், அவர் பாடல் பொதுச்சொத்து. உங்கள் குழு அவர் பாட்டை ராக் ஆக்கிப் பாடுவதாகத் தாராளமாக எழுதலாம். எல்லாவற்றிலும் நல்லது, நான்கே வரி நீங்களே எழுதுவது. முழுப்பாட்டு வேண்டாம். வாசகர் காதில் மெட்டு கேட்காது, நீண்ட பாட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

என் முதல் பாகத்துக்கு நல்ல பேரு. ரெண்டாவது எழுதி முடிச்சாச்சு, வாசிச்சவங்க முகம் சுளிக்காங்க. எங்கேருந்து திருத்தணும்?

முதல் பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயத்தை எடுத்து வையுங்கள். அதில் நாயகன், நாயகி ஒவ்வொருவரும் என்ன கற்றார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவதில் அந்த வாக்கை மீறும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். ஒவ்வொரு சிவப்பிலும் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: அந்தக் காட்சியை எடுத்துவிடுவது, அல்லது வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே பிரச்சினை வரும்படி மாற்றுவது. நம் மாதிரிக் கதையில், பழைய காதலி போன் செய்ததை அவன் அன்றைக்கே சொல்லிவிடட்டும். தனக்கும் ஒரு பாட்டின் மெட்டில் பங்கு உண்டு என்கிறாள் பழையவள், அது உண்மையும்கூட. அந்தப் பாட்டுத்தான் இவளுக்காக எழுதியது என்று இவள் நம்பியிருந்த பாட்டு. இப்போது யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வீடு கொதிக்கிறது.

அடுத்து ஒரு குறிப்பேடு போடுங்கள்: யார் எந்தக் கருவி, வயது, கண் நிறம், எந்த மாதம் எந்த ஊர்க் கச்சேரி. பாகங்களுக்கிடையே வரும் முரண்களில் பெரும்பகுதி இதிலேயே பிடிபடும். பிறகு பிரிவைப் பாருங்கள். முதல் பாகம் முக்கால்வாசியில் பிரிந்து கடைசியில் சேர்ந்தது என்றால், இரண்டாவதிலும் அதே இடத்தில் பிரிக்காதீர்கள். வாசகர் முன்கூட்டியே காத்திருப்பார். பிரிக்காமலே முடிக்க முடியுமா என்று முயன்றுபாருங்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே பிரச்சினையை எதிர்ப்பக்கமாக நின்று பார்ப்பது, பிரிவைவிடக் கடினமான எழுத்து.

முதல் பாகம் வாசிக்காத ஒருவரிடமும், அதை உயிராக நேசித்த ஒருவரிடமும் கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள். முன்னவர் குழம்பும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேருங்கள். பின்னவர் ‘இவன் இப்படிச் செய்ய மாட்டானே’ என்று சொல்லும் இடத்தை விவாதிக்காமல் மாற்றுங்கள்.

மோசம்னு விமர்சனம் எழுதுனா அவங்க மனசு நோவாதா?

நோகும். அதனால் எழுத்தாளரைப் பற்றி எழுதாமல் பக்கத்தைப் பற்றி எழுதுங்கள். ‘குப்பை’ என்ற சொல்லால் யாருக்கும் உபயோகமில்லை. ‘முதல் பாகத்தில் மறைக்க மாட்டேன் என்றவன் இங்கே மூன்றாம் அத்தியாயத்தில் மறைக்கிறான், காரணம் சொல்லப்படவில்லை’ என்று எழுதினால் அடுத்த வாசகருக்கும் புரியும், எழுத்தாளருக்கும் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கும். கதை முடிவை வெளியிடுகிறீர்கள் என்றால் மேலே எச்சரிக்கை போடுங்கள். நன்றாக இருந்த காட்சி ஏதாவது இருந்தால் அதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அடுத்த பாகத்தில் அது இன்னும் கூடும்.